இற்செறிப்பின் வரைபடம்

“பெண்பிள்ளைகள்தானே மேடம், வீட்டிலிருந்தே செய்துவிடலாமே? அதற்குத்தானே இன்டர்நெட் இருக்கிறது!”

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடத்திட்டக் கூட்டத்தில் என்னிடம் சொல்லப்பட்டது இது. சொன்னவர் பெண்கல்விக்கு எதிரானவர் அல்லர். தன் இரண்டு மகள்களையும் பொறியியல் படிக்கவைத்தவர். அக்கறையோடுதான் சொன்னார். முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு இணையவழி வரைபடமாக்கலை ஒரு விருப்பப் பாடமாக வைக்க நான் கேட்டிருந்தேன். கூடவே களப்பணிக்கு நான்கு சனிக்கிழமைகள், ஒரு வேன், துறையின் பெயரில் ஆறு கைப்பேசிகள் கேட்டிருந்தேன். பாடத்துக்கு அனுமதி கிடைத்தது. மற்றவை கிடைக்கவில்லை. மென்பொருள் இலவசம், பாடங்கள் யூடியூபில் இலவசம், செயற்கைக்கோள் படம் இலவசம், பிறகு வேன் எதற்கு என்றார்கள். வகுப்பில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையே வேன் தேவையில்லை என்பதற்கான காரணமாகவும் சொன்னார்கள்.

அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். இணையம் உலகத்தையே வீட்டுக்குள் கொண்டுவருகிறது என்று பெண்களிடம் சொல்லும்போது அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு: நீ வீட்டிலேயே இரு. வரைபடம் கற்பிக்கும் வகுப்புக்குள்ளேயே இந்தப் பொருள் வந்து உட்கார்ந்துகொண்டால், நாம் நடத்துவது புதிய கருவிகளைக் கொண்டு செய்யப்படும் பழைய இற்செறிப்பு.

தமிழ் படித்தவர்களுக்கு இற்செறிப்பு தெரியும். தலைவியின் களவு மெல்ல வெளியே கசியும். ஊரார் வாயில் அலர் எழும். தாய் அவளைப் புனங்காக்க அனுப்பாமல் வீட்டுக்குள் அடைத்துவிடுவாள். நாம் அதைத் துறை என்று மனப்பாடம் செய்து, ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எழுதிவிட்டு வந்திருக்கிறோம். அதே அகத்திணையில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு: பகற்குறி, இரவுக்குறி. இருவரும் சந்திக்க ஒப்புக்கொண்ட இடம் குறி. இன்று கைப்பேசித் திரையில் சிவப்பாக ஒரு துளி விழுந்து நிற்கிறதே, அதற்கும் என் வகுப்பில் குறி என்றே பெயர் வைத்தோம். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

*

“தமிழ்த்துறைக்கு மேப் எதற்கு?” இதுவும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுவது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து இலக்கணம் செய்த மொழியில் இந்தக் கேள்வியே வேடிக்கை. ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ 1946இல் வெளிவந்தது. இடப்பெயராய்வு எங்கள் துறைகளில் பல தலைமுறையாக நடந்துவரும் வேலை. அந்த வேலைக்கு இப்போது ஒரு புதிய கருவி வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

கருவிகளைப் பற்றி எனக்குக் குறையில்லை. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரை வரையலாம், திருத்தலாம். க்யூஜிஐஎஸ் மென்பொருளைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. தமிழக அரசின் நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் நம் வயலின் புலப்படமே கைக்கு வந்துவிடும். என் தாத்தா காலத்தில் இதற்குக் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுத் திண்ணையில் எத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கு அப்போது கணக்குப்பிள்ளை என்று பெயர். திண்ணையில் ஏறி உட்கார எல்லாச் சாதிக்கும் அனுமதியில்லை. பெண்கள் திண்ணைப் பக்கமே போவதில்லை.

முதல் வகுப்பில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் முழுவதும் மூன்றே பொருள்களால் ஆனது என்று சொல்லிக்கொடுத்தேன். கணு, வழி, உறவு. ஒரு புள்ளி கணு. கணுக்களைக் கோத்தால் வழி. வழிகளும் கணுக்களும் ஒன்றுக்கொன்று தொடர்பு கொண்டால் உறவு. “அம்மா, இது நம்ம குறுந்தொகை மாதிரி இருக்கு” என்றாள் ஒருத்தி. வகுப்பு சிரித்தது. ஒவ்வொரு கணுவுக்கும் பெயர் இடலாம்; தமிழ்ப் பெயருக்கென்று தனி இடம் உண்டு. அதுவரை பெயரற்ற கூரைக் கூட்டமாகத் திரையில் கிடந்த தன் குக்கிராமத்துக்கு ஒரு மாணவி தமிழில் பெயர் எழுதிச் சேமித்தாள். மறுநாள் அது வரைபடத்தில் தெரிந்தது. அவள் அதைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பாடத்தைக் கைவிடவும் இல்லை.

ஆனால் வரைபடம் என்பது முதலில் நடை. இந்தியாவை அளந்த மாபெரும் முக்கோண அளவீடு நம் சென்னையில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளந்து முடிக்கவே 57 நாள்கள் ஆயின. 1865இல் புறப்பட்ட நைன் சிங் ராவத் மாறுவேடத்தில் லாசா வரை நடந்தார். ஜெபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி கோத்து, அடிகளை எண்ணியபடியே தூரத்தை அளந்தார். இருவரும் செய்த வேலையின் அடிப்படை ஒன்றுதான்: ஓரிடத்துக்குப் போவது, நிற்பது, பார்ப்பது, குறித்துக்கொள்வது, திரும்பி வருவது. போகிற இடத்தில் ‘யாரைக் கேட்டு வந்தாய்’ என்ற கேள்வியும், திரும்பிய வீட்டில் ‘எங்கே போய்விட்டு வருகிறாய்’ என்ற கேள்வியும் இல்லாத உடலுக்குத்தான் இது எளிது.

2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு பெண்களிடம் ஓர் எளிய கேள்வி கேட்டது. சந்தைக்கும், மருத்துவமனைக்கும், ஊருக்கு வெளியே ஓர் இடத்துக்கும் தனியாகப் போக உங்களுக்கு அனுமதி உண்டா? மூன்றுக்கும் உண்டு என்றவர்கள் நாடு முழுவதும் சுமார் 42 சதவீதம். தானே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் சுமார் 54 சதவீதம். ‘கையில் ஒரு போன் இருந்தால் போதும், யாரும் வரைபடம் வரையலாம்’ என்று ஆரம்பிக்கும் இணையப் பாடங்களின் ‘யாரும்’ யார் என்பதை இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு யோசியுங்கள். அந்தப் பாடங்களில் ஒருவர் வெளியே கிளம்புகிறார், தெருவில் நிற்கிறார், கடைப் பெயரைப் பதிகிறார், இருட்டிய பின் வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் உட்கார்ந்து வேலையை முடிக்கிறார். அவருக்காக யாரோ சோறு வடித்து வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ என் மாணவி.

*

வேன் இல்லை, கைப்பேசி இல்லை, சனிக்கிழமை இல்லை. முதல் ஆண்டு அவர்கள் சொன்னபடியே, வீட்டிலிருந்தே செய்தோம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கூரைகளையும் பாதைகளையும் வரையும் வேலைக்கு உலகெங்கும் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். 2015இல் தொடங்கிய தான்சானியத் திட்டம் ஒன்றில் இப்படி வரையப்படும் கிராமங்கள், பெண்ணுறுப்புச் சிதைப்பிலிருந்து தப்ப நினைக்கும் சிறுமிகளை உரிய நேரத்தில் சென்றடைய உதவுகின்றன. நல்ல வேலை. என் மாணவிகள் அதை விரும்பிச் செய்தார்கள். ஒருத்தி இரவில், அண்ணன் தூங்கிய பிறகு, அவன் மடிக்கணினியில் நூற்றுக்கணக்கான கூரைகளை வரைந்திருந்தாள்.

மதிப்பெண் போடும்போது அவளிடம் கேட்டேன். “உங்க ஊர் ஏன் போடல?”

“ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லம்மா.”

இருபத்திரண்டு வயது. பிறந்து வளர்ந்த ஊர். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் போனதில்லை. தான்சானியாவின் ஒரு கிராமத்தில் எந்தத் தெரு எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியும். இதைத்தான் நம் நிறுவனங்கள் பெண்களுக்கான எண்ணிமக் கல்வியின் வெற்றி என்று ஆண்டறிக்கையில் எழுதுகின்றன. அந்த ஆண்டு எங்கள் ஆண்டறிக்கையிலும் எழுதினார்கள். புகைப்படத்தோடு.

மேலிருந்து பார்த்தால் கூரை தெரியும். கூரைக்குக் கீழே இருப்பது தெரியாது. எதற்கு என்ன பெயர் என்பதும் தெரியாது. யாராவது இறங்கி நடந்தால்தான் அது தெரியும். நடக்கிறவர்கள் ஆண்களாகவே இருந்தால் அவர்கள் கண்ணில் பட்டதுதான் வரைபடமாகும். இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று ஒன்று உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு வகை இடத்துக்கு என்ன அடையாளச் சொல் என்பதைப் பங்கேற்பாளர்களே விவாதித்து வாக்களித்து முடிவு செய்வார்கள். குழந்தைக் காப்பகத்துக்குத் தனி அடையாளம் வேண்டும் என்ற முன்மொழிவு 2011இல் வாக்கெடுப்பில் தோற்றது. மழலையர் பள்ளிக்கான அடையாளமே போதும் என்றார்கள். மதுக்கூடம், இரவு விடுதி, பாலியல் தொழில் நடக்கும் இடம் ஆகியவற்றுக்கெல்லாம் நுணுக்கமாகப் பிரித்த தனித்தனி அடையாளங்கள் இருந்த காலம் அது. மோனிகா ஸ்டீபன்ஸ் என்ற ஆய்வாளர் 2013இல் இதை எழுதிய பிறகு பலரும் மேற்கோள் காட்டினார்கள். அந்த அடையாளம் பிற்பாடு புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் குழந்தையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று ஒரு நாளும் தேடியிராதவர்கள் அது எதற்கு என்று கேட்டார்கள் என்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன். அங்கன்வாடியில் பிள்ளையை விட்டுவிட்டு என் வகுப்புக்கு வரும் மாணவிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

2016இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் நடந்த மாநாடு ஒன்றில் சந்தித்த லத்தீன் அமெரிக்கப் பெண்கள் சேர்ந்து ஜியோசிக்காஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். தங்கள் நகரங்களின் தெருக்களில் எத்தனை பெண்களின் பெயரில் இருக்கின்றன என்று எண்ணி வரைபடமாக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் இரண்டாம் ஆண்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். யார் என்ன சொன்னாலும் நடப்பது. சொந்தக் காசில் ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து, ஐந்தைந்து பேராக அழைத்துக்கொண்டு போனேன்.

என்ன தேடினோம் தெரியுமா? சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைக்க, மீண்டும் ஏற்றிக்கொள்ள வசதியான உயரம். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது நம் வழக்கம். சுமையை இறக்காமலே போய்விட்டவளுக்காக, வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் தங்கள் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். ஊர் ஊராகப் பெண்களுக்கு நடப்பட்ட இந்தக் கற்களில் ஒன்றுகூட நாங்கள் திறந்த எந்த வரைபடத்திலும் இல்லை. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்த்தெடுக்கப்படுபவையும் அவைதான்.

நாங்கள் ஒன்பது கற்களைக் கண்டுபிடித்தோம். இரண்டில் எழுத்து இருந்தது. ஒன்றின் மேல் ஒரு பாட்டி விறகுக் கட்டை இறக்கிவைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். “இது எங்க பெரியாத்தா கல்லு” என்றார். பெயர் கேட்டோம். அவருக்கும் பெயர் தெரியவில்லை, பெரியாத்தாதான். மாணவிகள் கைப்பேசியைத் திறந்தார்கள். “அம்மா, இதுக்கு என்ன டேக் போடுறது?” நினைவுச்சின்னத்துக்கான அடையாளத்தைப் போட்டு, பெயரைத் தமிழில் எழுதினோம். பெரியாத்தாள் சுமைதாங்கி. வீட்டிலிருந்து செய்திருந்தால் அது கிடைத்திருக்காது. எந்தச் செயற்கைக்கோளுக்கும் அது நிழல்கூட இல்லாத ஒரு புள்ளி.

*

இனி நான் தவறு செய்த இடம்.

அதே ஆண்டு, ‘உங்கள் ஊரின் எல்லையை வரையுங்கள்’ என்று ஒரு பயிற்சி கொடுத்தேன். ஒரு மாணவி வரைந்த எல்லை காலனியை வெளியே விட்டிருந்தது. அவளுக்குப் பின் பெஞ்சில் அதே ஊர்க் காலனியிலிருந்து வரும் இன்னொரு மாணவி இருந்தாள். “அங்க இருக்கறவங்க எந்த ஊரு?” என்று கேட்டேன். வரைந்தவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்படித்தாம்மா எங்க வீட்ல சொல்லுவாங்க” என்றாள். காலனி என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது. சொல் போகட்டும். ஊருக்கும் சேரிக்கும் நடுவே வேண்டுமென்றே விடப்பட்ட அந்த வெற்றிடம் பெண்பிள்ளைகள் மனத்தில் எத்தனை வயதில் வரையப்படுகிறது என்பதை நான் அன்று பார்த்தேன்.

அவள் நல்ல மாணவி. திருத்திக்கொண்டு வருகிறேன் என்றாள். அகத்திணை மரபுப்படி நான் அவள் பெயரைச் சொல்லப்போவதில்லை. வார இறுதியில் அண்ணனின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு, ஜிபிஎஸ்ஸை இயக்கி, வீட்டிலிருந்து அங்கன்வாடி, பால் சொசைட்டி, ஏரிக்கரை, அதற்கு அந்தப் பக்கம், காலனி என்று நடந்திருக்கிறாள். அங்கே தோழி வீட்டில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். டீ கொடுத்தார்கள். குடித்தாள். பேசிக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு அண்ணன் தன் கைப்பேசியின் இருப்பிட வரலாற்றைத் திறந்து பார்த்தான். திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். அண்ணன் என்னை மரியாதையாக உட்காரச் சொல்லிவிட்டு, கைப்பேசியை நீட்டினான்.

“பாருங்க மேடம். நாலு பத்துல இருந்து நாலு அம்பது வரைக்கும் இங்க இருந்திருக்கா. நாப்பது நிமிஷம்.”

இடம், நேரம், கால அளவு. நான் என் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நினைத்ததை அவன் பிழையில்லாமல் செய்திருந்தான். அவள் அம்மா கதவோரம் நின்றபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “டீச்சரம்மாவை நம்பித்தானே அனுப்புனோம்.” உள்ளே அவள் இருந்தாள். என் முன் வரவில்லை, வரவிடவில்லை.

வகுப்பில் அவளுடைய தோழியிடம் பேச முயன்றேன். “எங்க வீட்ல வந்து டீ குடிச்சா அம்மா. அவ்ளோதான்” என்றாள். அதற்குப் பிறகு அவளும் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு வாய் டீக்காக ஒருத்தி வீட்டில் அடைக்கப்பட்டாள். தன் வீட்டு டீதான் குற்றம் என்று இன்னொருத்திக்கு மறுபடியும் சொல்லப்பட்டது. அந்த இரண்டாவது காயத்தைக் கல்லூரியில் யாரும் பேசவே இல்லை. குறி, அலர், இற்செறிப்பு. ஈராயிரம் ஆண்டு வரிசை மாறாமல் என் பாடத்திட்டத்துக்குள்ளேயே நடந்து முடிந்தது. அலர் தூற்ற ஊர்ப்பெண்டிர்கூடத் தேவைப்படவில்லை. ஒரு கைப்பேசி போதுமானதாக இருந்தது.

*

“அப்போதே சொன்னோமே, வீட்டிலிருந்து செய்யச் சொல்லுங்கள் என்று.” இதைத்தான் அடுத்த கூட்டத்தில் சொன்னார்கள். நான் எதிர்பார்த்ததுதான். பெண்ணுக்கு வெளியில் நடக்கும் ஒவ்வோர் அநீதியும் அவளை வெளியில் விட்டதற்கு எதிரான சாட்சியமாகவே மாற்றப்படும். அண்ணன் செய்தது பேசுபொருள் ஆகவில்லை. சாதி பேசுபொருள் ஆகவில்லை. அவள் நடந்ததுதான் ஆனது.

என் தவறை நான் மறைக்கவில்லை. இன்னொருவர் கைப்பேசியில், இன்னொருவர் கணக்கில், தனியாக அவளை அனுப்பியது என் தவறு. கைப்பேசி யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தான் பாதையும் இருக்கும் என்பதை நடப்பதற்கு முன் நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் பயன்படுத்திய எந்த இணையப் பாடமும் அதை முதல் பாடமாக வைத்திருக்கவில்லை. என் வகுப்பும் வைத்திருக்கவில்லை. ஆனால் துறையின் பெயரில் ஆறு கைப்பேசிகள் கேட்டேன் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? அதில் ஒன்று அன்று அவள் கையில் இருந்திருந்தால் அந்த நாற்பது நிமிடம் அவளுடையதாகவே இருந்திருக்கும். ‘எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே’ என்று மிச்சம் பிடித்த பணத்துக்கு விலை கொடுத்தவள் அவள். இலவசம் என்று நிறுவனம் சொல்லும் எதற்கும் யாரோ ஒருவர் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் கணக்கு.

பிறகு அவர்களே ஒரு யோசனை சொன்னார்கள். மாணவிகள் ‘பாதுகாப்பு வரைபடம்’ செய்யட்டும், எந்தத் தெரு ஆபத்து என்று குறிக்கட்டும், பத்திரிகையில்கூட வரும். இப்படிப்பட்ட முயற்சிகளின் மதிப்பை நான் அறிவேன். 2010 இறுதியில் எகிப்தில் தொடங்கிய ஹராஸ்மேப், பாலியல் சீண்டலை ‘அப்படியெல்லாம் இங்கே நடப்பதில்லை’ என்று சொன்னவர்கள் முன் வரைபடத்தை விரித்துவைத்தது. டெல்லிக் கொடூரத்துக்குப் பின் 2012 டிசம்பரில் இந்தியாவில் தொடங்கிய சேஃப்சிட்டியும் அதைச் செய்தது. தெருவிளக்கு கேட்டும், பேருந்து நிறுத்தம் கேட்டும் அரசிடம் போக அந்த வரைபடங்கள் உதவும். ஆனால் அதே வரைபடத்தை என் மாணவியின் அண்ணனிடம் கொடுத்துப் பாருங்கள். சிவப்பான தெருவுக்கு விளக்குப் போடச் சொல்லி அவன் மனு எழுதமாட்டான். அந்தத் தெருவுக்குத் தங்கை போகக்கூடாது என்பான். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்’ நூல் இந்தப் பொறியைத்தான் பேசுகிறது. பாதுகாப்பை மட்டும் கேட்டால் நமக்குக் கிடைப்பது காவல். நாம் கேட்க வேண்டியது காரணமே இல்லாமல் வெளியில் இருக்கும் உரிமை. வெறுமனே நிற்க, சுற்ற, உட்கார்ந்து டீ குடிக்க.

அதனால் பாதுகாப்பு வரைபடம் செய்யமாட்டோம் என்று சொல்லிவிட்டேன். பாடத்தைத் திருத்தினேன். இப்போது முதல் இரண்டு வாரம் வரைபடமே இல்லை. கைப்பேசியின் இருப்பிட வரலாற்றை எப்படிப் பார்ப்பது, எப்படி நிறுத்துவது, எப்படி அழிப்பது. எடுக்கும் புகைப்படத்துக்குள் இடமும் நேரமும் எப்படி ஒளிந்திருக்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நாம் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் நம் பயனர் பெயரோடும் நேரத்தோடும் எல்லார் பார்வைக்கும் இருக்கும், ஆகவே ஏன் சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்கக்கூடாது. நடந்த பாதையை அதில் பதிவேற்றும்போது வரும் நான்கு தெரிவுகளுக்கும் என்ன வேறுபாடு. ‘தனிப்பட்டது’ என்பதைத் தேர்ந்தாலும் புள்ளிகள் பெயரும் வரிசையும் இல்லாமல் பகிரப்படும் என்பது. பையன்களும் இதைப் படிக்கிறார்கள். தங்கள் கைப்பேசியில் தங்கைகளின் பாதை இருக்கிறது என்பதை அவர்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

கைப்பேசி இல்லாதவர்களுக்கும், இருந்தும் அது தன்னுடையது இல்லாதவர்களுக்கும் காகிதம். ஃபீல்டு பேப்பர்ஸ் என்ற தளத்தில் நம் ஊர்ப் பகுதியை அச்சிட்டுக்கொள்ளலாம். பென்சிலால் குறித்து வந்து, படம் பிடித்துப் பதிவேற்றி, பிறகு நிதானமாக வரையலாம். காகிதத்துக்கு நேரம் தெரியாது. நாற்பது நிமிடத்தை அது யாரிடமும் சொல்லாது. நடப்பது கூட்டமாகத்தான். பெண்கள் மூன்று பேராவது, வெவ்வேறு தெருக்களிலிருந்து. கடைசிப் பாடம், எதைக் குறிக்காமல் விடுவது என்பது. விடியலில் பெண்கள் ஒதுங்கும் இடம், வீட்டை விட்டு வந்தவள் தங்கியிருக்கும் வீடு, இரண்டு பேர் பேசிக்கொள்ளும் மர நிழல். தெரிந்தே விடப்படும் வெற்றிடமும் வரைபடவியல்தான். அகத்திணைப் பாடலில் தலைமக்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்று விதி வைத்தவர்களுக்கு அதன் காரணம் என்னவாக இருந்திருந்தாலும், அந்த விதியை நாங்கள் எங்கள் பாதுகாப்புக்காக எடுத்துக்கொண்டோம்.

இவ்வளவும் ஓர் ஆசிரியர் தன் வகுப்புக்குள் செய்துகொள்வது. அது போதாது. மாணவிகளே, உங்கள் கல்லூரி எண்ணிமக் கல்வி என்று ஒரு பதாகை கட்டினால் அதன் கீழே நின்று கேளுங்கள். களப்பணிக்கு வண்டி எங்கே? எங்கள் பெயரில், எங்கள் கணக்கில் இயங்கும் கருவி எங்கே? ஆறு மணிக்கு விடுதிக் கதவு யாருக்கு மட்டும் மூடுகிறது? 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் நாம் கட்டணமில்லாமல் போகிறோம். நூறு ரூபாய் கேட்டு அப்பா முன் நிற்காமல் ஊரைத் தாண்ட முடிந்தது என்று என் மாணவிகள் எத்தனை பேர் சொன்னார்கள். ஒரு பேருந்துச் சீட்டால் இவ்வளவு முடியும் என்றால் ஒரு பல்கலைக்கழகத்தால் எவ்வளவு முடிய வேண்டும்? இலவச மென்பொருளைச் சொல்லி நம்மை அனுப்பிவைக்க விடாதீர்கள். மென்பொருள் நாம் நடந்து திரும்பிய பிறகு தேவைப்படுவது.

அவள் பருவத் தேர்வு எழுத மட்டும் வந்தாள். அண்ணன் வேப்பமரத்தடியில் வண்டியில் உட்கார்ந்திருந்தான். தேர்வு முடிந்ததும் விடைத்தாளோடு நான்காக மடித்த ஒரு காகிதத்தையும் என்னிடம் கொடுத்தாள். பென்சிலில் அவள் ஊர். நேரம் இல்லை, பெயர் இல்லை, தன் வீடும் இல்லை, தோழி வீடும் இல்லை. ஏரி இருந்தது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கமும் இருந்தது. எல்லைக்கோடு இரண்டையும் சேர்த்துச் சுற்றியிருந்தது.

அதை நான் எங்கும் பதிவேற்றவில்லை. அவள் வந்து ஏற்றட்டும். அவள் வருவதற்கான வேனைக் கேட்டு இந்த ஆண்டும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.